கலமும் தோணியும்: ஆற்று வணிகம் பற்றிய இலக்கியச் சான்றுகள் – ஒரு மறுவாசிப்பு

பழந்தமிழர் வாணிகம் ஆறுகளின் வழியே செழித்தது என்னும் கூற்று இலக்கிய வரலாறுகளிலும் கருத்தரங்க மலர்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. காவிரிக்குப் புகாரும், பொருநைக்குக் கொற்கையும், பேரியாற்றுக்கு முசிறியும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும். சங்கப் பாடல்கள் சிலவும் யவனர் குறிப்புகள் சிலவும் உடன் சேர்க்கப்படும். அத்துடன் முடிவும் எழுதப்பட்டுவிடும். இக்கூற்றைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் ஆறு வணிகத்திற்கு எவ்வகையில் உதவிற்று என்னும் வினாவை இது எழுப்புவதில்லை. ஆறு சரக்கைச் சுமந்து சென்ற பாதையா, கப்பல் வந்து நின்ற துறையா, அல்லது சரக்கை விளைவித்துக் கொடுத்த நீரா? இம்மூன்றும் வெவ்வேறு பணிகள். இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் பாடலையும் நாம் சரியாகப் படிப்பதில்லை. வரலாற்றையும் சரியாக எழுதுவதில்லை.

நைல், யூப்ரடீஸ், டைக்ரிஸ், கங்கை ஆகியவை தம் நெடுக்கிலேயே கலம் செலுத்தத் தக்க ஆறுகள். பாக்தாத் நகரத்தின் பெருமையை எழுதிய அரபு ஆசிரியர்கள், திஜ்லா ஆற்றின் வழியே மேலும் கீழுமாகப் பொருள்கள் வந்து சேர்வதை விரும்பிச் சொல்வர். இந்தப் படிமத்தை அப்படியே எடுத்துத் தமிழக ஆறுகளின்மேல் பொருத்துவதே நம் ஆய்வுலகில் நேர்ந்துவரும் மயக்கம் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. தமிழக ஆறுகளின் வணிகப் பணி அவற்றின் நெடுக்கில் நிகழ்ந்ததைக் காட்டிலும் அவற்றின் வாயிலேயே மிகுதியாக நிகழ்ந்தது. நம் பழைய பாடல்கள் இதனை நன்கறிந்தே பாடியுள்ளன. அறியாமற்போனது அவற்றைப் படித்த நாம்தான்.

வணிகனாகிய ஆறு

மயக்கத்தின் தோற்றுவாய்களில் ஒன்று காவிய மரபு. கம்பர் ஆற்றுப் படலத்தில் சரயு நதியை வணிக மக்களுக்கு ஒப்பிடுகிறார். மலையிலிருந்து மணியையும் பொன்னையும், மயிற்பீலியையும் யானைத் தந்தத்தையும், அகிலையும் சந்தனத்தையும் வாரிக்கொண்டு இறங்கும் வெள்ளம் ஒரு வணிகனைப்போல நாட்டுக்குள் வருகிறது. அழகிய உவமை. மலைபடு பொருளுக்கும் மருத நிலத்துக்கும் உள்ள உறவை ஒரே பாட்டில் காட்டிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

ஆனால் இவ்வுவமை எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஆறே வணிகன் ஆகிவிட்டபின் அங்கே மனித வணிகனுக்கு இடமில்லை. படகு இல்லை, துடுப்பு இல்லை, சுமப்பவன் இல்லை, விலை கூறுவோனும் இல்லை. வெள்ளம் விலையின்றி அள்ளி வருகிறது, விலையின்றிக் கொட்டிவிட்டுப் போகிறது. உவமை என்ற அளவில் இதில் குறையொன்றும் இல்லை. இத்தகைய உவமைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அகிலும் சந்தனமும் ஆற்றுவழியே துறைமுகத்திற்கு அனுப்பப்பட்டன என்று வரலாறு எழுதப் புகும்போதுதான் குறை தோன்றுகிறது. அணியிலக்கணத்துக்குரிய செய்தியை ஆவணமாக மாற்றுவது திறனாய்வாகாது.

ஆற்றின் வாயில்

சங்கப் பாடல்களுக்கு வரும்போது காட்சி முற்றிலும் வேறாகிறது. முசிறியைப் பாடும் பரணரின் புறநானூற்றுப் பாடல் (343) இதற்குத் தலையாய சான்று. அதில் மீனை விற்றுப் பெற்ற நெல் அம்பியில் குவிந்து கிடக்கிறது. மிளகு மூட்டைகள் வீடுகளில் குவிந்துள்ளன. மரக்கலம் கொண்டுவந்த பொன், கழியில் செல்லும் தோணிகளால் கரைக்குக் கொண்டு சேர்க்கப்படுகிறது. இப்பாடலில் புலவர் இருவகைக் கலங்களைப் பிரித்தே பேசுகிறார் என்பது நோக்கத்தக்கது. கடலைக் கடந்து வந்தது கலம். கரையைத் தொட்டது தோணி. பொன் கைமாறும் அந்த இடைவெளியில்தான் ஆற்றுமுகத்தின் பணி அடங்கியுள்ளது.

இதற்கு வெளிச்சான்று அமைந்திருப்பது நம் நல்வாய்ப்பு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய உரோமானியர் பிளினி, முசிறியில் கப்பல் நிற்கும் இடம் கரையினின்று வெகுதூரம் தள்ளியிருப்பதால் சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருப்பதைக் குறைகூறும் முறையில் எழுதினார். மிளகு ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகுகளில் துறைக்கு வருவதையும் அவர் குறித்தார். எரித்திரையக் கடற் செலவு நூலும் முசிறி ஓர் ஆற்றின்மேல் அமைந்திருந்ததைக் கூறுகிறது. நெல்கிண்டா என்னும் ஊர் கடலினின்று ஏறத்தாழ 120 ஸ்தாதியம் உள்ளே ஆற்றில் இருந்ததென்றும், கப்பல்கள் ஆற்றுமுகத்திலுள்ள ஊருக்கு இறங்கி வந்தே முழுச் சரக்கையும் ஏற்றினவென்றும் அது சொல்கிறது. ஆற்றில் மணல்மேடுகள் இருந்தமையே அதற்குக் காரணம். உரோமானியருக்குத் தொல்லையாகத் தோன்றிய அதே செய்தி பரணருக்கு ஊரின் செல்வமாகத் தோன்றிற்று. பார்வைகள் இரண்டு, நிகழ்ச்சி ஒன்றே.

இங்கு ஒரு தடை எழலாம். அகநானூற்று 149ஆம் பாடல் சேரரின் சுள்ளியம் பேரியாற்றின் நுரை கலங்க யவனர் கலம் வந்ததைப் பாடவில்லையா? புறநானூற்று 30ஆம் பாடல், பெருங்கலம் பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் புகாரில் நுழைந்ததைப் பாடவில்லையா? பாடுகின்றன. முன்னது கலம் ஆற்றுமுகத்து நீரைத் தொட்டதைச் சொல்கிறது. அது ஆற்றில் எவ்வளவு தூரம் சென்றதென்பது அதன் பொருளன்று. பின்னது இன்னும் நுட்பமானது. பாய் களையாமல், பாரம் குறைக்காமல் ஒரு கலம் உள்ளே வந்தது என்பதைச் சிறப்பாக எடுத்துப் பாடவேண்டிய தேவை ஏன் எழுந்தது? பிற துறைகளில் பாயை இறக்கிப் பாரத்தைக் குறைத்த பின்னரே நுழைவது வழக்கமாயிருந்தமையால் அன்றோ? விதிவிலக்கைப் புகழும் பாட்டு விதியையும் உடன் சொல்லிவிடுகிறது.

அதே பாடலின் அடுத்த செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கலத்தின் கடற்பொருள்கள் உள்நாட்டுக்கு இடையேயுள்ள பெருவழியில் கொண்டுவந்து சொரியப்படுகின்றன. ஆற்றுமுகத்தில் நுழைந்த சரக்கு அதன்பின் ஆற்றில் ஏறவில்லை, சாலையில் ஏறியது. புகார் என்னும் சொல்லுக்கே பழைய உரை ஆற்றுமுகம் என்றுதான் பொருள் கூறுகிறது. நம் முன்னோர் தம் தலையாய துறைமுகத்திற்கு ஆற்றின் பெயரைச் சூட்டவில்லை. ஆறு கடலில் புகும் இடத்தின் பெயரையே சூட்டினர்.

பட்டினப்பாலையும் இதற்கு இயைந்தே பேசுகிறது. உப்பை விற்று நெல்லைப் பெற்று மீண்ட படகுகள், இலாயத்துக் குதிரைகளைப்போல வரிசையாகத் தறிகளில் கட்டப்பட்டிருந்தன என்று அது கூறும். உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு இதைவிட நேரான சான்று அரிது. ஆனால் அங்கே சென்ற சரக்கு உப்பும் நெல்லும். கழியும் வாய்க்காலும் சூழ்ந்த கழிமுகத்து ஊர்களுக்கிடையே நடந்த அன்றாடப் பண்டமாற்று அது. அதே பாட்டு புகாரின் தெருக்களில் குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும்போது குதிரை கடல்நீரில் வந்தது என்கிறது. மிளகு மூட்டைகள் வண்டியில் வந்தன என்று பொருள்கொள்வோர் பலர். அப்பட்டியலில் காவிரிக்கு உரியதாகக் கூறப்படுவது காவிரியின் பயன், அதாவது விளைச்சல். நூலாசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆற்றுக்கு அதன் உரிய பங்கை அளந்தே கொடுத்திருக்கிறார்.

வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985ஆம் ஆண்டு பதிப்பிக்கப்பெற்ற கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் இவ்வேறுபாட்டை மறுமுனையிலிருந்து காட்டுகிறது. முசிறித் தொடர்புடைய சரக்கு, செங்கடற் கரையில் இறங்கி, ஒட்டகங்களில் பாலையைக் கடந்து கொப்தோஸ் நகரை அடைந்து, பின் நைல் ஆற்றில் அலெக்சாந்திரியாவுக்குச் செல்லவேண்டிய ஏற்பாட்டை அது பேசுகிறது. ஒரே வணிகத் தொடரின் ஒரு முனையில் பேரியாற்றின் வாய்; மறுமுனையில் நைல் ஆற்றின் நெடுக்கு. இரண்டையும் ஆற்று வணிகம் என்ற ஒரே பெயரால் அழைத்துவிட்டு மேற்செல்வது எவ்வளவு பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

நஹ்ர், கவ்ர், குப்பு

அரபு நிலவியலாளர்களின் நூல்கள் இவ்விடத்தில் நமக்குப் பெருந்துணையாகும். ஆனால் அவற்றை மொழிபெயர்ப்பின் வழியே மட்டும் படிப்போர்க்கு அத்துணை கிட்டுவதில்லை. நீர்நிலைகளைக் குறிக்கும் அரபுச் சொற்கள் நுட்பமானவை. ஓடும் ஆறு நஹ்ர். கடல் பஹ்ர்; எனினும் நைல் போன்ற பேராற்றையும் பஹ்ர் என்றே வழங்குவர். திருக்குர்ஆனில் யம்மு என்னும் சொல், குழந்தை மூஸா (அலை) இடப்பட்ட நைல் ஆற்றையும் ஃபிர்அவ்ன் மூழ்கிய கடலையும் குறித்து வந்துள்ளமை அறிஞர் அறிந்ததே. பேராறு கடல்போலக் கலம் செல்ல இடங்கொடுத்த நாடுகளில் இச்சொற்களின் எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்ததில் வியப்பில்லை.

இந்தியக் கரையை எழுதவந்தபோது அரபு ஆசிரியர்களுக்கு வேறு சொற்கள் தேவைப்பட்டன. கி.பி. 10ஆம் நூற்றாண்டினரான அபூ ஸைத் அஸ்ஸீராஃபி, சரந்தீபுத் தீவுக்கு எதிரே உள்ள குப்புகளைப் பற்றி எழுதுகிறார். நீளமும் அகலமும் மிகுந்து கடலில் சென்று விழும் பெரும் பள்ளத்தாக்கு என்று அச்சொல்லை அவரே விளக்கி, சோலைகளுக்கும் தோட்டங்களுக்கும் ஊடே இரண்டு மாதமும் அதற்கு மேலும் அதில் பயணம் செய்யலாம் என்கிறார். மாலுமிகளிடம் கேட்டறிந்து எழுதிய ஒருவர் இதனை ஆறு என்று சொல்லாமல் விட்டதும், தனிச் சொல்லைக் கையாண்டு அதற்கு விளக்கமும் தந்ததும் கருதத்தக்கன. அவர் சொல்லவந்தது கழியும் காயலும் தொடர்ந்து கிடந்த ஒரு கரையை.

அல்பிரூனி (973–1048) ஒருபடி மேலே சென்றார். இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலில் குப்பையும் கவ்ரையும் பிரித்துக் காட்டுகிறார். கடல் நிலத்துக்குள் மூலைபோல வளைந்து புகுவது குப்பு. ஓடிவரும் நீர் நிலையான கடலைச் சந்திக்கும் இடம் கவ்ர். இரண்டிலும் கப்பலுக்கு இடர் உண்டு என்று கூறி, கவ்ரில் நேரும் இடருக்கு ஓர் இயற்பியல் காரணமும் தருகிறார். நன்னீர் உவர்நீரைப்போலப் பாரத்தைத் தாங்காது என்பதே அக்காரணம். நிறைபாரக் கப்பல் கடலில் மிதந்த அளவைவிட ஆற்றுமுகத்தில் சற்று ஆழ்ந்து அமிழும். மணல்மேடு கிடக்கும் வாயிலில் அந்தச் சிறு வேறுபாடே கலத்தைத் தரைதட்டச் செய்யப் போதுமானது. பாரம் குறைக்காமல் உள்ளே வந்த கலத்தைப் புறநானூறு ஏன் புகழ்ந்தது என்பதற்கு, ஓராயிரம் ஆண்டுக்குப் பின் எழுதிய பாரசீக நாட்டறிஞர் ஒருவர் உரை எழுதியது போன்றுள்ளது இது.

14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்திற்குப் பத்து நாள் வழி என்றும், தரைவழியும் நீர்வழியும் உண்டென்றும் கூறித் தாம் நீர்வழியே சென்றதை எழுதினார். மாலையில் கரையேறி ஊரில் தங்கிக் காலையில் மீண்டும் படகேறுவது அவ்வழிச் செல்வோர் வழக்கம் என்கிறார். அவர் நஹ்ர் என்றே எழுதியதால் மொழிபெயர்ப்பாளர்களும் ஆறு என்று எழுதினர். ஆனால் கோழிக்கோட்டிலிருந்து கொல்லம் வரை தெற்கு நோக்கி ஓடும் ஆறு எதுவும் இல்லை. அங்குள்ள ஆறுகள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவன. அவர் சென்றது கரைக்கு இணையாகக் கிடக்கும் காயல்களின் வழி. மக்ரிபு நாட்டவருக்குக் காயலுக்குரிய சொல் கைவரவில்லை என்பதை வைத்துக்கொண்டு இல்லாத ஓர் ஆற்றை நாம் உண்டாக்கிக்கொள்ளுதல் ஆகாது.

பொருநையின் கொடையும் கேடும்

காயல் என்னும் சொல் நம்மைப் பொருநைக்கு அழைத்துச் செல்கிறது. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, இரு பருவமழையையும் பெறும் வற்றாத ஆறு. அதன் நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. தமிழகத்தில் ஆற்றுப் பாதை உருவாகியிருக்க வேண்டுமானால் இங்கேதான் உருவாகியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் திருவைகுண்டம் அணை நீங்கலாக ஏனையவை ஆங்கிலேயர் காலத்துக்கு முற்பட்டவை. குறுக்கே ஓர் அணை எழும்போது வயலுக்கு நீர் கிடைக்கிறது. படகின் வழி அடைபடுகிறது. பொருநைக்கரை மக்கள் வயலைத் தேர்ந்தனர். காவிய ஆறு மருதத்தை நோக்கியே ஓடுவதற்கும் இதுவே காரணம். புலவன் கண்டது நெல்லுக்கு ஓடும் ஆற்றைத்தான்.

எனினும் ஆற்றின் வாயில் வணிகம் ஓங்கியே இருந்தது. கொற்கை முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற பாண்டியர் துறை. 1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 785 என்னும் அளவைக் காட்டிற்று. அக்கொற்கை இன்று கடலைப் பார்க்க முடியாத உள்நாட்டுச் சிற்றூர். ஆறு கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டது. வணிகம் கீழே இறங்கிக் காயலுக்குச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் யாவும் காயலைத் தொட்டன என்று எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் மஅபருக்கும் அதனையொட்டிய துறைகளுக்கும் அனுப்பப்பட்டதைக் குறிப்பிட்டு, அவற்றுள் 1,400 மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரைகள் என்கிறார். அத்தகைய காயலும் கொற்கையைப்போலவே தூர்ந்தது. பழையகாயல் என்னும் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லும். போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் முன்னுக்கு வந்தது. இவ்விடப்பெயர்ச்சியை 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் எடுத்துரைத்துள்ளார்.

கொற்கையின் வீழ்ச்சியைப் பகைவராலும் ஆட்சி மாற்றத்தாலும் மட்டும் விளக்க முற்படுவோர் இதனைக் கருத வேண்டும். துறையைக் கொடுத்த அதே நீர்தான் அதை எடுத்துக்கொண்டது. ஆற்றுமுகத்து ஊரின் செல்வம் அதன் அடியில் படியும் வண்டலால் அளக்கப்பட்ட கெடு உடையது.

உமறுவின் ஆறு

இந்தப் பின்னணியில் சீறாப்புராணத்தை மறுபடி படிக்கவேண்டும். உமறுப் புலவர் வாழ்ந்த எட்டயபுரம் பெரிய ஆறு எதுவுமற்ற கரிசல் பூமி. அவரைப் புரந்த வள்ளல் சீதக்காதியோ கீழக்கரையின் கடல் வணிகர். கரிசலில் வாழ்ந்து, கப்பலுடையாரால் புரக்கப்பெற்ற ஒரு புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மேகம் பொழிய, மலையினின்று வெள்ளம் இறங்க, வயல் நிறைந்து நெல் விளையும் நாடாகப் பாடினார். அரபு நாட்டில் ஏது ஆறு என்று கேட்டு அதனைப் பிழையென்பார் ஒருசாரார். நாட்டுச் சிறப்புப் பாடுவது காப்பிய மரபு. இதில் வினாவுக்கே இடமில்லை என்பார் மற்றொரு சாரார். இருசாராரும் ஒரே படலத்தில் நின்றுவிடுகின்றனர்.

விலாதத்துக் காண்டத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா நாயகியாரின் சரக்குடன் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வணிகப் பயணம் பல படலங்களில் விரிகிறது. அவற்றுள் ஒன்று நதி கடந்த படலம். மற்றொன்று கள்வரை நதி மறித்த படலம். தலைப்புகளே போதும். நாட்டுப் படலத்தில் உழவரை ஊட்டிய ஆறு, வணிகப் பயணத்தில் கடக்கவேண்டிய தடையாகவும் கள்வரைத் தடுக்கும் அரணாகவும் நிற்கிறது. இவ்விரு படலங்களிலும் அது வணிகருக்குப் பாதையன்று. சரக்கு செல்வது நிலத்தின்மேல், விலங்குகளின் முதுகில். மரபை ஏற்று ஆற்றைப் பாடிய புலவர், வணிகத்தைப் பாடும்போது ஆற்றுக்கு அதன் உண்மையான இடத்தையே கொடுத்திருக்கிறார். உமறுவின் ஆறு கற்பனையாகலாம். ஆறு என்ன செய்யும் என்பதில் அவர் அறிவு கற்பனையன்று.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. பரணருக்கும் உருத்திரங்கண்ணனாருக்கும் கண்ணில்பட்ட தோணிக்காரன் காவிய மரபில் மறைந்துபோனான். நாட்டுப் படலம் உழவனுக்கு இடம் வைத்தது. பயணப் படலம் வணிகனுக்கு இடம் வைத்தது. கலத்துக்கும் கரைக்கும் நடுவே நின்றவனுக்கு இடம் வைக்கவில்லை.

நம் நகரில் ஒரு சோதனை

மேற்சொன்ன வாசிப்பைச் சென்னையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தாலமி குறித்த மலியார்ஃபா மயிலாப்பூரே என்று பலர் கொள்வர். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே அமைந்த பழைய ஊர் அது. எனினும் மார்க்கோ போலோ தோமையரின் கல்லறையுள்ள ஊரைச் சொல்லும்போது, கிறித்தவருடன் முஸ்லிம்களும் அங்கு வழிபாட்டுக்கு வருவதைக் குறித்துவிட்டு, சென்று சேர்வது எளிதன்று, சரக்கும் மிகுதியில்லை, ஆகவே வணிகர் அங்கு அதிகம் செல்வதில்லை என்கிறார். ஆறுகள் இருந்தும் துறை பெரிதாகவில்லை. அவற்றின் வாய்களை மணல் அடைத்துக்கொள்வதை இன்றும் காண்கிறோம். பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் கப்பல்கள் கடலிலேயே நின்றன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழும்வரை இதுவே நிலை. முசிறியில் பரணர் கண்ட கலமும் தோணியும் சென்னைக் கரையில் அப்படியே தொடர்ந்தன.

இந்நகரின் வணிகர் ஒருவர் அடையாற்றோடு தம் பெயரைப் பிணைத்தது எதனால் என்று பார்த்தால் உமறுவின் படலத் தலைப்பு நினைவுக்கு வரும். ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். அவ்விடத்தில் இப்போது இருப்பது மறைமலையடிகள் பாலம். ஆறு அவருக்கும் பாதையன்று, கடக்கவேண்டிய எல்லை.

சென்னைக்கு உண்மையில் நீர்வழி அமைந்தபோதும் அது ஆற்றின் நெடுக்கில் அமையவில்லை. பேசில் காக்ரேன் 1806இல் வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் நீட்டப்பெற்றது. 1876–78 பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாகக் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்ற அக்கால்வாய் ஏறத்தாழ 420 கி.மீ. நீளமுடையது. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஆந்திரக் கரையிலிருந்து மயிலாப்பூர் வரை வந்தன. கடலுக்கு இணையாக, ஆறுகளைக் குறுக்கே வெட்டிச் சென்ற நீர்வழி அது. உப்பும் நெல்லும் பட்டினப்பாலையின் படகுகள் சுமந்த அதே சரக்கு. அபூ ஸைத் விளக்கிய குப்பையும் இப்னு பதூதா சென்ற காயல்வழியையும் பொறியாளர்கள் மண்வெட்டியால் செய்து பார்த்தனர் எனலாம். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் அது பயன்குன்றிற்று. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் படுகையில் ஊன்றி நிற்கின்றன. திருமயிலை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போர் ஒரு பழைய சரக்குப் பாதையின் மேலேதான் நிற்கின்றனர்.

எஞ்சும் கடமை

இத்துணையும் சொன்னது நம் ஆறுகளின் பெருமையைக் குறைப்பதற்கன்று. நைலைப்போலவும் திஜ்லாவைப்போலவும் இருந்தாலொழியப் பெருமையில்லை என்று எண்ணுவதே தாழ்வு மனப்பான்மை. பொருநையும் காவிரியும் பேரியாறும் வேறொரு பணியைச் செய்தன. கடலோடிக்குக் குடிநீரும், கலத்துக்கு ஒதுங்கிடமும், சந்தைக்கு நெல்லும், உப்புப் படகுக்கு வழியும் கொடுத்தன. பெருவழி தொடங்கும் இடத்தைக் காட்டின. அதுவே அவற்றின் வணிக வரலாறு.

ஆனால் இவ்வரலாற்றைச் சரியாகப் படிக்கும்போது ஒரு பொறுப்பும் உடன் வருகிறது. புறநானூற்று 30ஆம் பாடல் கலத்தின் பொருளைப் பெருவழியில் சொரிந்தவர்களைத் தகாஅர் என்று, தகுதியில்லாதார் என்னும் பொருள்படக் குறிக்கிறது. பழைய உரை அவர்களைப் பரதவர், அளவர் முதலானோர் என விளக்கும். மீன் பிடித்தவரும் உப்பு விளைவித்தவரும் அவர்கள். மொத்தப் பாடலிலும் உழைத்தவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களுக்குக் கிடைத்த சொல் அது. நம் சமுதாய வரலாற்றை எழுதும் நாமும் இதில் விலக்கானவர்கள் அல்லோம். மரக்கலராயர்களின் கப்பல்களையும் ஜமாலுத்தீனின் குதிரைகளையும் வள்ளல்களின் கொடையையும் பக்கம் பக்கமாக எழுதியுள்ளோம். அக்குதிரைகளைக் கலத்திலிருந்து கரைக்குக் கொண்டுவந்தவர் யார், முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியவர் யார் என்பதற்கு அரைப்பக்கமும் ஒதுக்கினோமில்லை.

அரபு நூல்களைப் பெயர்ப்போர் நஹ்ரையும் கவ்ரையும் குப்பையும் ஒன்றாக்காதிருத்தல் வேண்டும். சங்கப் பாடல்களுக்கு உரை காண்போர் கலத்தையும் தோணியையும் அம்பியையும் பஃறியையும் வெறுமனே கப்பல் என்று எழுதிக் கடந்துவிடாதிருத்தல் வேண்டும். சீறாவைக் கற்பிப்போர் நாட்டுப் படலத்தோடு நில்லாமல் நதி கடந்த படலம் வரை மாணவரை அழைத்துச் செல்லல் வேண்டும். சொற்களைப் பிரித்தறியும் இச்சிறு பணியால், கலத்துக்கும் கரைக்கும் நடுவே துடுப்புப் பிடித்து நின்ற மனிதர் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.